நிழலுக்குச் சூட்டிய மகுடம்

சாரல் காலத்து இரவொன்றில் குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்கு வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பகலில் குழியும் சேறுமாய்க் கிடந்த சாலை, இரவு மழையில் நனைந்து ஒரு விளக்கின் ஒளியும் மேலே விழுந்துவிட்டால், பட்டுத்துணி விரித்தாற்போல் மின்னத் தொடங்கிவிடும். குழிகள் எங்கும் போய்விடவில்லை. மினுமினுப்பு அவற்றை மூடியிருக்கிறது, அவ்வளவே. குழி இருந்த இடம் கால் இடறும்போதுதான் தெரியும்.

கடத்தல்காரர்களையும் தாதாக்களையும் நாயகர்களாக நிறுத்தும் நிழலுலகத் திரைப்படங்களைப் பற்றி எண்ணுந்தோறும் எனக்கு அந்தச் சாலைதான் நினைவில் எழுகிறது. அவற்றின் அழகை மறுப்பவன் நானல்லன். ஆனால், அந்த அழகு எதைக் காட்டுகிறது, எதை மூடுகிறது என்று கேட்பது விமரிசகனின் கடமை. பிள்ளைகளைப் பெற்றோரின் கடமையுங்கூட.

“சினிமாவே வேண்டாம் என்றிருக்கும் நம் வீடுகளில் இந்த ஆராய்ச்சி எதற்கு?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் கொட்டகைக்குப் போனால்தான் படம். இன்றோ படம் நம் வீட்டு நடுக்கூடத்திற்கு வந்து, அங்கிருந்து பிள்ளைகளின் உள்ளங்கைக்கும் போய்விட்டது. வாசலை அடைத்துப் பயனில்லை என்றான பிறகு, உள்ளே வந்த விருந்தாளி எப்படிப்பட்டவன் என்று அறிந்துகொள்வதே அறிவுடைமை.

இருளின் பிறப்பு

இந்தப் பாணிக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயரிட்டவர்கள் பிரெஞ்சு விமரிசகர்கள். ‘கறுப்புப் படம்’ என்பது அதன் பொருள். போர்க்காலத்தில் பிரான்சுக்கு வரமுடியாதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946இல் ஒருசேர அங்கே திரையிடப்பட்டபோது, அவற்றில் பலவற்றின் மேல் ஒரே வகையான இருள் கவிந்திருப்பதை நினோ ஃபிராங்க் என்ற விமரிசகர் கண்டு அந்தப் பெயரை எழுதினார். படம் எடுத்தவர்களுக்கே அப்படியொரு பெயர் அப்போது தெரியாது.

அந்த இருளின் வேர் இருந்தது ஜெர்மனியில். முதல் உலகப் போரில் தோற்று, பசியும் அவமானமும் சூழ்ந்திருந்த அந்நாட்டில் 1920இல் ‘டாக்டர் காலிகாரியின் பெட்டகம்’ வெளிவந்தது. அதில் நிழல்களைக்கூட அரங்கச் சுவர்களில் வண்ணத்தால் தீட்டி வைத்தார்கள். 1931இல் ஃபிரிட்ஸ் லாங் ‘எம்’ என்ற படத்தை எடுத்தார். குழந்தைகளைக் கொல்பவன் ஒருவனைக் காவல்துறையோடு திருடர் கூட்டமும் சேர்ந்து தேடும் கதை அது. பின்னர் இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறிய கலைஞர்கள் பலர் ஹாலிவுட்டை அடைந்தனர். லாங்கும் பில்லி வைல்டரும் அவர்களுள் அடங்குவர். வீட்டை இழந்து, மொழியை இழந்து, அடுத்த வேளை என்னாகுமோ என்று அஞ்சியிருந்த அவர்களுடைய படங்களில் இருள் குடிகொண்டது வியப்பன்று. அலங்காரத்துக்காக அவர்கள் அதைத் தேடிப் போகவில்லை.

தாதா படங்களோ அதற்கு முன்பே தனி வழியில் பிறந்தவை. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், கள்ளச்சாராயத்தால் கொழுத்த கூட்டத் தலைவர்களைப் பார்த்து எழுதப்பட்ட கதைகள் அவை. ‘ஸ்கார்ஃபேஸ்’ 1932இல் வந்தபோது, குற்றவாளியை மிகவும் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று தணிக்கையாளர்கள் கலங்கினார்கள். ‘நாட்டின் அவமானம்’ என்ற துணைத்தலைப்பு அதற்குச் சேர்க்கப்பட்டது. நாயகன் தூக்கிலிடப்படுவதாக வேறொரு முடிவையும் எடுத்து வைத்தார்கள். குற்றவாளியின் கதையைச் சொல்லும்போது அவன் மேல் காதல் வந்துவிடாமல் எப்படிச் சொல்வது என்ற கேள்வி, இந்த வகைப் படத்தின் தொட்டிலிலேயே பிறந்துவிட்டது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

நாற்பதுகளில் இந்த இரண்டு ஆறுகளும் கலந்தன. ஜன்னல் சட்டங்களின் நிழல் சிறைக்கம்பி போல் முகத்தில் விழுவது, பாதி முகம் ஒளியிலும் பாதி முகம் இருளிலும் இருப்பது, கதையை முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்வது, மழை நனைத்த தெரு ஆகியவை அதன் இலக்கணங்களாயின. வைல்டரின் ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தில், கொலை செய்த காப்புறுதி முகவர் காயத்தோடு வந்தமர்ந்து ஒலிப்பதிவுக் கருவியிடம் தன் குற்றத்தைத் தானே சொல்லத் தொடங்குகிறார். அவர் தோற்றுவிட்டார் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அப்படியிருந்தும் இறுதிவரை இருக்கையை விட்டு எழ மனம் வராது. அந்தப் பாணியின் வலிமை அத்தகையது.

தமிழில் விழுந்த முதல் நிழல்

தமிழில் இந்தப் பாணிக்கு ஒரு சிகரம் உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’தான் அது. பாட்டும் நடனமும் இல்லாமல் தமிழ்ப்படம் உண்டா என்று கேட்ட காலத்தில், ஒரு பாடல்கூட இல்லாமல் எடுக்கப்பட்ட படம். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள்களைப் பின்னணியாகக் கொண்டது. ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். துப்பறிய வந்த அதிகாரியிடம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையைச் சொல்ல, ஒவ்வொரு கதையிலும் ராஜனின் முகம் வேறாகிறது. இறுதியில் வெளிப்படும் உண்மை இது: திறமை மிக்க அந்த இளைஞன் தன் ஆராய்ச்சியைத் தன் நாடு மதிக்கவில்லையென்று மனம் கசந்து, எதிரிக்கு இரகசியம் விற்றவன். அவனைக் கொன்ற குண்டு, நாட்டுப்பற்று மிக்க அவன் மனைவியின் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தது.

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். பெரும் நடிகர் ஒருவரை நாயகனாக வைத்து, அவரையே துரோகியாக்கி, அவருக்கு மன்னிப்பும் வழங்காமல் படத்தை முடிக்கப் பாலசந்தருக்குத் துணிவு இருந்தது. வணிகத்தில் அந்தப் படம் பெரிதாக வெற்றி பெறவில்லை. ஆயினும் அதில் நிழலுக்கு ஒரு வேலை இருந்தது. நாம் யாரை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று அது பார்ப்பவரைக் கேட்டது. ராஜனின் மனக்குறை நியாயமானது. அவன் செய்த செயல் நியாயமற்றது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததே அந்த இருளின் சாதனை.

நாயகனின் விளக்கு

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1987 தீபாவளியில் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தது. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய் சென்று அங்கே பெயர்பெற்ற வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவியது என்று அறியப்பட்ட படம். பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை, கமல்ஹாசனின் நடிப்பு ஆகிய மூன்றும் தேசிய விருது பெற்றன. ‘காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து விளக்கைப் போட்டு, கண்குழிகளை இருளில் மூழ்கடித்தார். வெளியே மகளின் திருமணம் வெயிலில் நடக்க, உள்ளே இருட்டறையில் தந்தை கொலைக்கும் தயவுக்கும் விலை பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டு, தாராவியின் ஓலையிலும் தகரத்திலும் சந்துகளிலும் தமிழ் முகங்களை வைத்து எழுதியவர்கள் நாயகன் குழுவினர்.

அதன் கவர்ச்சிக்குக் காரணம் என்ன? முதலாவது, பிழைப்புத் தேடிப் பெருநகரத்துக்குப் போன ஏழைத் தமிழனின் முகத்தை அது மதித்துக் காட்டியது. வெளிச்சமான படங்களில் நகரம் என்றால் கடற்கரையும் மாளிகையுமாக இருந்த நாளில், நகரத்துக்கு ஓர் அடிவயிறு உண்டு என்று இருள் பாணி சொன்னது. இரண்டாவது, மனிதனை வெள்ளை, கறுப்பு என்று இரண்டாக அறுத்துப் போடாமல் சாம்பல் நிறத்தில் காட்டியது. வேலு நாயக்கரிடம் அவருடைய பேரன் கேட்கும் கேள்வி, நல்லவரா கெட்டவரா என்பது. அதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. அந்தத் தயக்கம் உண்மையானது. மூன்றாவது, எல்லாவற்றையும் காட்டிவிடாமல் பாதியைப் பார்ப்பவர் கற்பனைக்கு விட்டுவைக்கும் அடக்கம். கலையில் அடக்கம் ஒரு நற்குணம்.

குறைகள்

இவ்வளவும் சொன்னபின் குறைகளைச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

முதற்குறை: நிழல் கேள்வியாக இருந்தவரை கலையாக இருந்தது, மகுடமானபோது வியாபாரமாயிற்று. ‘அந்த நாள்’ படத்து இருட்டில் ராஜன் சிறுத்துப் போகிறான். பின்வந்த தாதா படங்களின் இருட்டிலோ நாயகன் பெருத்துப் போகிறான். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் படக்கருவி, பின்னாலிருந்து வரும் ஒளி, புகை, மெல்ல நடக்கும் கால்கள், அதிரும் இசை எனக் குற்றவாளியின் வருகை ஓர் அரசனின் பவனியாகிவிட்டது. ‘நாயகன்’ படத்திலேயே சொந்த மகள் தந்தையை எதிர்த்து நின்று, பிறரைத் தண்டிக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது என்ற பொருள்படக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். படத்தின் மனச்சாட்சி அந்தப் பெண்தான். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது அவளை அன்று. வெள்ளை வேட்டியையும் சால்வையையுமே. எழுதியவர் நேர்மையாகக் கேள்வியை எழுதினார். ஒளி அமைத்தவர் அதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார். வசனம் ஒன்று சொல்ல, விளக்கு வேறொன்று சொன்னால், மக்கள் விளக்கைத்தான் நம்புவார்கள்.

இரண்டாங்குறை: இந்தப் பாணி காரணத்தின் இடத்தில் விதியை வைத்துவிடுகிறது. மழை பெய்கிறது, நிழல் நீள்கிறது, மனிதன் வீழ்கிறான். எல்லாம் ஊழ் என்பது போல் ஒரு பெருமூச்சோடு படம் முடிகிறது. உண்மையில் நிழலுலகம் வானத்திலிருந்து விழுந்ததன்று. தங்கம் கடத்தப்பட்டது ஏன்? 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நடைமுறையில் இருந்தது. கேட்பவர் பலர், சட்டப்படி கிடைப்பதோ சொற்பம். அந்த இடைவெளியில்தான் கடத்தல்காரன் வளர்ந்தான். சாராயத்துக்கும் அதே கணக்கு. அரிசிக்கும் அதே கணக்கு. சட்டம், விலை, கையூட்டு, வேலையின்மை ஆகிய நான்கையும் காட்டாமல் மழையை மட்டும் காட்டும் படம், நோயை விட்டுவிட்டு நோயாளியின் கண்ணழகை வருணிக்கும் மருத்துவனைப் போன்றது.

மூன்றாங்குறை: பெண்கள். இருள் பாணியின் மேலை மரபில் பெண் பெரும்பாலும் ஆணை அழிக்க வந்த மாயக்காரி. நம் தாதா படங்களிலோ அவள் நாயகனின் சினத்துக்குக் காரணமாக மடிந்துபோகவேண்டியவள். நாயகனின் மனைவி நீலாவும் பகைவர் கையால் மடிகிறாள். இந்த மரபைக் கவிழ்த்த படமாக ‘ஆரண்ய காண்ட’த்தைச் (2011) சொல்லலாம். தியாகராஜன் குமாரராஜா எடுத்த அந்த முதல் படத்தில், வடசென்னைத் தாதாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிய, எல்லாரும் பொருட்படுத்தாத ஒரு பெண் அவர்கள் அனைவரையும் விஞ்சிவிடுகிறாள். அதன் கொச்சை மொழியும் காட்சிகளும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்கவை அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தாதாவின் மகுடத்தைத் தட்டிவிட்டு, கிழடுதட்டிய அவனது இயலாமையைக் காட்டியதில் அது நேர்மையான படம்.

நம் முகங்கள்

நான்காங்குறையை நம் வாசகர்களிடம் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நிழலுலகப் படங்களில் முஸ்லிம் பாத்திரங்களுக்குத் தரப்பட்ட இடம் எது?

நாயகனில், ஊரைவிட்டு ஓடிவந்த சிறுவன் வேலுவுக்கு நிழல் கொடுத்து வளர்ப்பவர் உசேன் என்ற பெரியவர். கடத்தல் தொழில் செய்தாலும் கருணையுள்ளவர். காவல் நிலையத்தில் அவர் கொல்லப்படுகிறார். அந்தச் சாவே வேலுவைப் பழிவாங்க வைத்துத் தலைவனாக்குகிறது. 1995இல் வந்த ‘பாட்ஷா’வில் மாணிக்கத்தின் உயிர் நண்பன் அன்வர் கொல்லப்படுகிறான், அந்தச் சாவில்தான் மாணிக்கம் ‘பாட்ஷா’ ஆகிறான். இந்தியில் 1975இல் வந்த ‘தீவார்’ படத்தில் துறைமுகத் தொழிலாளி விஜய்க்கு 786 எண் பொறித்த வில்லையின் மகிமையை எடுத்துச் சொல்பவர் ரகீம் சாச்சா. அந்த வில்லை நாயகனைக் காக்கிறது. மூன்று படங்களிலும் ஒரே சூத்திரம்: முஸ்லிம் நல்லவன், ஆனால் அவன் கதை அவனுடையதன்று. அவனுடைய அன்போ ஆசியோ சாவோ, வேறொருவன் ஏறிச்செல்வதற்கான படிக்கட்டு.

‘தீவார்’ நாயகனுக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டவர் ஹாஜி மஸ்தான். இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கி, பின் கடத்தலில் பெயர்பெற்றவர், 1994இல் காலமானார். அவருடைய வாழ்வைத் திரைக்கு எடுத்தபோது நாயகன் விஜய் ஆனான். பின்னாளில் நாயகன் வேண்டாம், வில்லன் வேண்டும் என்றபோது மட்டும் தொப்பியும் தாடியும் சுருமாவும் தாராளமாகக் கிடைத்தன. இருள் பாணியின் விளக்குக்கு அவை வசதியான அடையாளங்களாகிவிட்டன. தொழுகைக்குப் போகும் மனிதனின் முகத்தில் பாதியை இருட்டாக்கிவிட்டால் போதும், பார்ப்பவர் மனத்தில் ஐயம் விதைக்கப்பட்டுவிடும். அங்கே வசனமே தேவையில்லை.

இதற்கு மாறான ஒரு படத்தையும் சொல்லவேண்டும். சயீத் அக்தர் மிர்சா 1989இல் எடுத்த ‘சலீம் லங்டே பே மத் ரோ’. பம்பாயில் வட்டாரப் பொறுக்கியாகத் திரியும் முஸ்லிம் இளைஞன் ஒருவனின் கதை. நூற்பாலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த தந்தை, மணமாகவேண்டிய தங்கை, எங்கும் கிடைக்காத வேலை என்று அவன் வாழ்வின் காரணங்களை ஒவ்வொன்றாகப் படம் காட்டுகிறது. திருந்தி வாழ முனையும் நேரத்தில் அவன் கொல்லப்படுகிறான். அவனுக்காக அழ வேண்டாம் என்று தலைப்பு சொல்கிறது. ஆயினும் மனம் கனக்கிறது. ஏனெனில் அவன் அங்கே அரசனும் அல்லன், பேயும் அல்லன். நம் தெருவில் பார்த்த பையன்.

எங்கள் ஊர்ப் பையன்

நானும் அப்படியொருவனைப் பார்த்திருக்கிறேன். செங்கோட்டை எல்லை ஊர். 1956 வரை திருவாங்கூரோடு இருந்து பின் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த நாள்களில், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் பிழைத்தார்கள். கொல்லம் போகும் மீட்டர்கேஜ் வண்டியில் இருக்கைக்கு அடியில் சிறுமூட்டைகளை வைத்துக் கொண்டுபோவார்கள். சோதனை வரும் என்று தெரிந்தால், ஓடும் வண்டியிலிருந்து மூட்டையை வெளியே எறிந்துவிட்டுத் தாங்களும் குதிப்பார்கள்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் எழுபதுகளின் நடுவில் அந்த வேலைக்குப் போனான். வாப்பா இல்லாத பிள்ளை. உம்மா பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டினார். அவனுக்குச் சினிமாப் பைத்தியம். கடத்தல்காரனை நாயகனாகக் காட்டிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, தெரு விளக்கின் கீழே பாதி முகம் தெரியும்படி நின்று எங்களுக்கு நடித்துக் காட்டுவான். நாங்கள் கைதட்டுவோம். ஒரு மழைநாளில், பகவதிபுரம் தாண்டி, மூட்டையோடு அவனும் விழுந்தான். உயிர் பிழைத்தது, ஒரு கால் போயிற்று. மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனபோது சிரிக்க முயன்றான். “படத்துல விழுறவன் எந்திரிச்சு நடந்துருவாம்ல மச்சான்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அருகில் தரையில் அமர்ந்திருந்த அவன் உம்மாவின் விரல்கள், தட்டும் இலையும் இல்லாமலேயே பீடி சுற்றிக்கொண்டிருந்தன.

அவன் எந்தப் படத்தால் கெட்டான் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அவனை வண்டியேற்றியது பசி, படமன்று. ஆனால் அந்தப் பசிக்கு ஒரு பொய்யான பெருமையைப் போர்த்திவிட்டது படம். போகும் வழி ஆபத்தானது என்று அவனுக்குத் தெரியும். அது அழகானது என்று நம்பவைத்தது அந்த விளக்கு.

தீர்ப்பு

எனவே, இருள் பாணியை வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு. அதன் மினுமினுப்பில் மயங்குவதும் தவறு. ஒரு நிழலுலகப் படத்தை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். படம் முடிந்தபின் கேட்டுப் பாருங்கள்: கொல்லப்பட்டவனின் வீட்டுக்கு இந்தப் படக்கருவி ஒருமுறையாவது போனதா? ‘நாயகன்’ அந்த அளவில் முற்றிலும் தோற்கவில்லை. தான் கொன்ற காவல் அதிகாரியின் குடும்பத்தை வேலு நாயக்கர் ஆதரிக்கிறார். மனவளர்ச்சி குன்றிய அந்த அதிகாரியின் மகன் வளர்ந்து, உண்மை அறிந்து, அவரைச் சுட்டுக் கொல்கிறான். செய்த வினை வீடு தேடி வருகிறது. அந்த ஒரு கண்ணியத்தால்தான் அந்தப் படம் நிற்கிறது. அதைப் பார்த்து எடுக்கப்பட்ட பல படங்கள் சால்வையை எடுத்துக்கொண்டன. அந்தப் பையனை மறந்துவிட்டன.

பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்கும்போது பெற்றோர் எழுந்துபோய்விட வேண்டாம்; அருகில் அமர்ந்து, விளக்கு யார் மேல் விழுகிறது, யார் மேல் விழவில்லை என்று மட்டும் கேளுங்கள். விடையை அவர்களே கண்டுகொள்வார்கள்.

செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. அந்த வழியே இரவில் போகும்போது, பகவதிபுரம் தாண்டியதும் நான் இன்றும் ஜன்னல் பக்கம் பார்ப்பதுண்டு. மழை பெய்தால் தண்டவாளம் மின்னுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிவது, மருத்துவமனைத் தரையில் அமர்ந்திருந்த அந்த உம்மாவின் விரல்கள்தாம். அந்த விரல்களின் மேல் விளக்கைத் திருப்புகிற படம் தமிழில் என்று வரினும், அதை நான் முதல் ஆளாகச் சென்று பார்ப்பேன்.